கேள்விக்குக் காசு கொடுத்தவர்களுக்கு நன்றி

பாம்பன் தெற்குவாடி மக்களுக்கும், பெயர் எங்கேயும் வரக்கூடாது என்று கேட்டுக்கொண்ட அறக்கட்டளைப் பெரியவருக்கும் வணக்கம்.

மூன்றாண்டு வேலையை முடித்து, ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்துவிட்டேன். அதில் நன்றி சொல்ல ஒரே ஒரு பக்கம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அது எனக்குப் போதவில்லை.

அம்மா ராமேசுவரத்தில் யாத்திரிகர்களுக்குச் சிப்பி மாலை கோத்து விற்பவர். அவர் முன்னால் கொட்டிக் கிடக்கும் குவியலில் கூம்பு வடிவச் சங்குகளும் இருக்கும். மேலே வலை பின்னியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். "உயிரோடு இருந்தால் குறுகின முனைப் பக்கம் கை வைக்காதே" என்பார். ஊர்ந்து போகிற ஒன்றைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும் என்று ஏழு வயதில் கேட்டேன். இரவில் அது எப்படி இரை தேடுகிறது என்பதுதான் என் ஆய்வு. அதே கேள்வி, கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

முதலில் உதவித்தொகை கேட்டுப் போன இடத்தில், படிவத்தில் 'சமூகப் பயன்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'இப்போதைக்குத் தெரியாது' என்று உண்மையை எழுதினேன். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. பிறகு அறக்கட்டளைப் பெரியவர் போனில் பேசினார். பயனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ராத்திரியெல்லாம் விழித்திருக்க உடம்பு தாங்குமா அம்மா?" என்றார். தாங்கும் என்றேன். மூன்றாண்டுகளும் பணம் தவறாமல் வந்தது. ஐயா, உங்களுக்கு என் முதல் வணக்கம்.

நண்டு வலையைக் கரையில் பிரிக்கிற அக்காமாருக்கு அடுத்தது. வலையில் தற்செயலாகச் சிக்கிய சங்கை, வேலைக்கு நடுவிலும் தனி வாளியில் போட்டு, ஈரச்சாக்கு மூடி வைத்திருந்து கூப்பிடுவீர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருப்பவை. அங்கிருந்து ஓர் உயிரைக்கூட நான் எடுக்கவில்லை. எடுக்காமலே வேலை நடந்தது உங்களால்தான். கேன் கேனாகக் கடல்நீர் கொண்டுவந்த ஆட்டோ அண்ணனையும், மின்சாரம் போன இரவுகளில் தன் கடை இன்வெர்ட்டரிலிருந்து தொட்டியின் காற்று மோட்டாருக்கு வயர் இழுத்துக் கொடுத்த பக்கத்துவீட்டு மாமாவையும் மறக்க மாட்டேன்.

அப்படி ஓர் இரவில்தான் அதைப் பார்த்தேன். சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் வெளிச்சம். மணல் லேசாக மேடிட்டிருந்தது. அதிலிருந்து ஒரு சிறு குழல் நீட்டி நீரை முகர்ந்தது. ஒரு சாண் தள்ளி வேறொரு சிறிய நத்தை. மணல் மெல்ல நகர்ந்தது. பிறகு நூல் போல மெல்லிய தும்பிக்கை ஒன்று வெளியே வந்து, நீண்டு, அந்த நத்தையின் தசையைத் தொட்டது. அவ்வளவுதான், நத்தை துவண்டுவிட்டது. தும்பிக்கைக்குள் இருப்பது நஞ்சைச் செலுத்தும் உள்ளீடற்ற ஊசிப்பல்; ஒருமுறை எய்தால் தீர்ந்தது, அடுத்ததற்குப் புதிய பல். காலையில் நத்தையின் ஓடு ஒரு கீறலும் இல்லாமல் காலியாகக் கிடந்தது. அம்மாவுக்குப் போன் செய்து, பயந்தது சரிதான் என்றேன்.

இந்த நஞ்சுக்கு ஒரு கதை உண்டு. பிலிப்பைன்சைச் சேர்ந்த பால்டொமெரோ ஒலிவேரா அமெரிக்காவில் படித்துவிட்டு மணிலா திரும்பியபோது ஆய்வகத்தில் போதிய கருவிகள் இல்லை. சிறுவயதில் பொறுக்கிய கூம்புச் சங்குகளைக் கையிலெடுத்தார். பின்னர் அமெரிக்காவின் யூட்டாவில், அவரிடம் வேலை பார்த்த 19 வயது மாணவர் கிரெய்க் கிளார்க், நஞ்சின் கூறுகளை எலியின் வயிற்றில் செலுத்தாமல் நேராக மூளையில் செலுத்திப் பார்ப்போமே என்றார். ஒரு கூறு எலியைத் தூங்க வைத்தது, ஒன்று ஓட வைத்தது, ஒன்று தலையை ஆட்ட வைத்தது. அதே ஆய்வகத்தில் மைக்கேல் மெக்கின்டாஷ் என்ற இன்னோர் இளைஞர் பிரித்தெடுத்த கூறின் செயற்கை வடிவம்தான் 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஜிகோனோடைடு மருந்து. மற்ற மருந்துகளுக்கு அடங்காத கடும் வலிக்கு முதுகுத்தண்டுத் திரவத்தில் செலுத்துகிறார்கள். தொடக்கத்தில் வலி மருந்து வேண்டும் என்று யாரும் சங்கு பொறுக்கப் போகவில்லை. என் வேலையிலிருந்து மருந்து வரும் என்று நான் சொல்ல மாட்டேன். 'சமூகப் பயன்' கட்டத்தில் இன்றும் 'இப்போதைக்குத் தெரியாது' என்றுதான் எழுதுவேன்.

தமிழகக் கடற்கரைச் சங்குகளின் நஞ்சை ஆராய்ந்தவர்களில் இந்திய அறிவியல் கழகத்தின் பி. பலராமும், டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் கே. எஸ். கிருஷ்ணனும் உண்டு. இரண்டு நிறுவனங்களுமே டாட்டா குடும்பக் கொடையில் எழுந்தவை. முதலாவதற்குச் சொத்தை எழுதிவைத்த ஜாம்செட்ஜி 1904-இல் மறைந்தார்; கழகம் அமைந்தது 1909-இல். அவ்வளவு தூரம் போவானேன், அன்று நம் மாவட்டத்தில் இருந்த காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்த ஆய்வகத்தார் மண்டபத்தில் கடற்காற்றில் உலோகத் தகடுகளை வைத்து, துரு ஏறுவதைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். துருவைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கும் ஒருவர் நிலம் கொடுத்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

தொட்டியில் மிச்சமிருந்த நான்கு சங்குகளையும் போன ஞாயிற்றுக்கிழமை காலை படகில் கொண்டுபோய், வலை போட்ட இடத்திலேயே விட்டோம். படகில் உடன் வந்த பத்தாம் வகுப்புத் தம்பி, அவை கீழே இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வாசனை பிடித்துத்தான் போகிறது என்றால், நீரோட்டம் திரும்பும்போது என்ன செய்யும் அக்கா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. கரைக்கு வந்ததும் பெரியவருக்குப் போன் செய்து அந்தக் கேள்வியைச் சொன்னேன். "பையனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுது" என்றார்.