‘பாதிச் சொத்து’ என்று எழுதுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களின் விவாகரத்து செய்தியாகும்போதெல்லாம், “அங்கே சட்டப்படி பாதிச் சொத்து மனைவிக்குப் போய்விடும்” என்ற வரி தவறாமல் வந்துவிடுகிறது. அதை நம்பி, வேளச்சேரி ஃபிளாட்டை அவசர அவசரமாக அம்மா பெயருக்கு மாற்றுகிற மகன்கள் இருக்கிறார்கள். எப்படியும் பாதி வரும் என்று ஒரு தாளைக்கூட எடுத்து வைக்காத மனைவிகளும் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் நஷ்டம்தான். ஆகவே கொஞ்சம் விரிவாக எழுத இடம் கொடுங்கள்.

இதில் ‘அமெரிக்கச் சட்டம்’ என்று ஒன்று கிடையாது. திருமணமும் விவாகரத்தும் மாநிலங்களின் கையில் இருக்கின்றன. நியூஜெர்சியில் நியாயமான பங்கு எது என்பதை நீதிபதி முடிவு செய்வார். அது பாதியாக இருக்கவேண்டும் என்பதில்லை. டெக்சாஸில் திருமணக் காலச் சம்பாத்தியம் இருவருக்கும் பொது. ஆனால் பிரிக்கும்போது 55-45, 60-40 என்றும் தரலாம். பொதுச் சொத்தைச் சரிபாதியாகப் பிரித்தே ஆகவேண்டும் என்ற கறாரான விதி கலிபோர்னியாவில் இருக்கிறது. சிலிக்கான் வேலியில் நம்மவர்கள் அதிகம் என்பதால் இங்கே அதையே எடுத்துக்கொள்கிறேன்.

பாதியாவது ‘சொத்து’ அல்ல, ‘பொதுச் சொத்து’. திருமண நாளுக்கும் பிரிந்த நாளுக்கும் இடையில் இருவரில் யார் உழைப்பில் வந்ததும் பொது. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, சொத்து எந்த நாட்டில் இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில்லை. பெங்களூரிலோ நியூஜெர்சியிலோ குடியிருந்த காலத்தில் சம்பாதித்து வாங்கியதும் விவாகரத்தின்போது இதே கணக்கில் சேரும். கடனும் அப்படியே. திருமணத்துக்கு முன் இருந்தது, பரம்பரையாக வந்தது, ஒருவருக்கென்று கிடைத்த அன்பளிப்பு, பிரிந்தபின் சம்பாதித்தது ஆகியவை தனிச் சொத்து. அவற்றின் வாடகையும் வட்டியும் அவருக்கே. மாமனாரின் நஞ்சை நிலத்தில் மருமகளுக்குப் பங்கு வந்துவிடும் என்ற பயத்துக்கு அடிப்படையே இல்லை. பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் போட்ட நகை அவளுடையது. சம்பளத்தில் சேமிப்பாக வாங்கி லாக்கரில் வைத்த தங்கக் காசு பொது. இரண்டுக்கும் நடுவில் சிக்கலான ஓரிடம் உண்டு: கணவன் வாங்கித் தந்த நகை. குடும்பத்தின் வசதியோடு பார்க்கும்போது பெரிய மதிப்பில்லாதது என்றால் அவளுக்குத்தான். வைர நெக்லஸ் என்றால் எழுத்துப்பூர்வமாக அவளுக்கே என்று தந்திருக்கவேண்டும்.

பிரிந்த நாள் எது என்பதில்தான் பல வழக்குகளின் பாதிச் சண்டை. மனு போட்ட நாள் அல்ல அது. திருமணம் முடிந்தது என்று ஒருவர் மற்றவரிடம் தெரிவித்து, அதற்கேற்ப நடந்துகொள்ளத் தொடங்கிய நாள். 2017 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப் பிரிவின்படி, ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டே பிரிந்திருக்க முடியும். அதன்பிறகும் கூட்டுக் கணக்கில் சம்பளம் போட்டு, ஊருக்கு ஜோடியாகப் போய் வந்தால் அந்தத் தேதி நிற்காது. ஆறு மாதம் முன்பின் நகர்ந்தாலே தொகை எவ்வளவு மாறும் என்பதற்குக் கம்பெனிப் பங்குகளைப் பாருங்கள்.

ஆர்.எஸ்.யு. எனப்படும் பங்குகள் கம்பெனி இன்று ஒதுக்கி, சில வருடங்கள் கழித்துக் கைக்கு வருபவை. திருமணமான ஒருவர் 2017 ஜனவரியில் வேலைக்குச் சேர்ந்தார்; 2021 ஜனவரியில் 1,000 பங்குகள் ஒதுக்கப்பட்டன; 2025 ஜனவரியில் கைக்கு வரும்; 2023 ஜனவரியில் பிரிந்தார்கள். பழைய உழைப்புக்கான வெகுமதி என்று நீதிமன்றம் கருதினால், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணும் ‘ஹக்’ சூத்திரம்: 96 மாதத்தில் 72 மாதம், அதாவது 750 பங்கு பொது. இனிமேல் வேலையில் தங்கவைப்பதற்கான ஊக்கம் என்று கருதினால், ஒதுக்கிய நாளிலிருந்து எண்ணும் ‘நெல்சன்’ சூத்திரம்: 48-இல் 24, அதாவது 500. துணைவரின் பங்கு 375-ஆ, 250-ஆ என்பது கம்பெனி தந்த ஒதுக்கீட்டுக் கடிதத்தின் வாசகத்தில் இருக்கிறது. அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்தாமல் பங்கு விலையைப் பற்றிச் சண்டை போடுகிறவர்களே அதிகம்.

வீட்டு விஷயம் இன்னும் நுணுக்கமானது. 9 லட்சம் டாலர் வீடு. முன்பணம் 1,80,000 டாலர், பையனின் அப்பா ஊரில் மனை விற்று அனுப்பியது. இன்று மதிப்பு 16 லட்சம், கடன் பாக்கி 6 லட்சம். மிச்சமான 10 லட்சத்தில் முதலில் 1,80,000 பையனுக்குத் திரும்பும், வட்டியோ விலையேற்றமோ இல்லாமல். மீதி 8,20,000-ஐ இரண்டாகப் பிரித்தால் தலா 4,10,000. இது நடக்கவேண்டுமானால் பணம் வந்த வழியைத் தாள்தாளாகக் காட்டவேண்டும்: ஊர் விற்பனைப் பத்திரம், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது தந்த 15சிஏ, 15சிபி வரிப் படிவங்கள், வங்கிப் பரிமாற்றச் சீட்டு, வீட்டு விற்பனையை முடித்துக்கொடுத்த நிறுவனத்தின் கணக்கு. கூட்டுக் கணக்கில் விழுந்து எட்டு மாதம் மளிகை, கார் தவணையோடு கலந்துவிட்ட பணத்தைத் தனியே பிரித்துக் காட்டுவது பெரும்பாடு.

இதைக் காட்டிலும் அதிகம் கெடுப்பது வீட்டுக்கடன் வங்கி கேட்கும் அன்பளிப்புக் கடிதம். “என் மகனுக்கும் மருமகளுக்கும் அன்பளிப்பாகத் தருகிறேன், திருப்பித் தரவேண்டியதில்லை” என்று தகப்பனார் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். பிற்பாடு அது மகனுக்கு மட்டும் தந்தது என்றாலோ, கடனாகத் தந்தது என்றாலோ, அந்தக் கடிதமே எதிர்ச்சாட்சி. மனைவியர் பக்கமும் ஒரு பொறி உண்டு. கடன் சுலபமாகக் கிடைக்கும் என்று சொல்லி, வீட்டில் தன் உரிமையை விட்டுத்தரும் பத்திரத்தில் எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்குத் தரும் விசா) இருப்பவரைக் கையெழுத்துப் போடச் சொல்வது. போட்டுவிட்டதாலேயே எல்லாம் போய்விடாது. கணவன் மனைவிக்குள் ஒருவருக்கு மட்டும் லாபம் தரும் பத்திரம் என்றால், அழுத்தமில்லாமல், முழு விவரம் தெரிந்தே கையெழுத்தானது என்று லாபம் பெற்றவர்தான் நிரூபிக்கவேண்டும்.

நடைமுறை இது. இருவரில் ஒருவர் மாநிலத்தில் 6 மாதமும், மனு போடும் கவுன்ட்டியில் (நம் மாவட்டம் போன்றது) 3 மாதமும் குடியிருந்திருக்கவேண்டும். எஃப்.எல்-100 மனு, எஃப்.எல்-110 சம்மன், கட்டணம் 435 முதல் 450 டாலர், வசதியில்லாதவர்களுக்கு விலக்கு உண்டு. எதிர்த்தரப்பு 30 நாளில் எஃப்.எல்-120 பதில் தாக்கல் செய்யவேண்டும். யார் மேல் தப்பு என்று எங்கும் கேட்பதில்லை; 1970 முதலே ‘இணக்கம் காணமுடியாத வேறுபாடு’ போதும். சம்மன் சேர்ந்து ஆறு மாதம் ஆகாமல் திருமணம் கலையாது. ஆறு மாதம் ஆனால் தானாகவே கலைந்துவிடும் என்று நினைத்துத் தீர்ப்புத் தாள்களைத் தாக்கல் செய்யாமல் விட்டு, வருடக்கணக்கில் சட்டப்படி தம்பதியாகவே இருப்பவர்களும் உண்டு.

சம்மனோடு வரும் தடையுத்தரவைப் படிப்பவர் குறைவு. சொத்தை மாற்றக்கூடாது, இன்சூரன்ஸை ரத்து செய்யக்கூடாது, மற்றவரின் எழுத்துப்பூர்வ சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் குழந்தையை மாநிலத்தைவிட்டுக் கொண்டுபோகக்கூடாது. மனு போட்டவரையும் இது கட்டுப்படுத்தும். அடுத்து, 60 நாளுக்குள் இரு தரப்பும் சொத்து-கடன் பட்டியலையும் வருமான விவரத்தையும் இரண்டு வருட வரிக் கணக்கையும் ஒருவருக்கொருவர் தரவேண்டும். என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியர்) வைப்பு, பி.பி.எஃப். சேமிப்பு, ஊர் ஃபிளாட் எல்லாம் பட்டியலில் வரவேண்டும். மறைத்தால் தண்டம் பாதியோடு நிற்பதில்லை. லாட்டரியில் விழுந்த 13 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பங்கை மறைத்து விவாகரத்து வாங்கிய ஒரு மனைவியின் வழக்கில், 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பணம் முழுவதையும் கணவருக்கே உறுதிசெய்தது. மனுவுக்கு முந்தின வாரம் அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த வேளச்சேரி ஃபிளாட்டும் தப்பாது. பொதுச் சொத்தை மற்றவரின் எழுத்துப்பூர்வ சம்மதமின்றி யாருக்கும் தானம் கொடுக்க முடியாது.

401கே ஓய்வூதியக் கணக்கைப் பிரிக்கத் தீர்ப்பு மட்டும் போதாது, கியூ.டி.ஆர்.ஓ. என்ற தனி உத்தரவைத் தயாரித்து, நிதி நிர்வாகியின் ஒப்புதலையும் வாங்கவேண்டும். தீர்ப்போடு விட்டுவிட்டு, முன்னாள் கணவர் மறுமணமோ மரணமோ ஆனபின் கேட்கப் போனால் அலைச்சல்தான். ஜீவனாம்சம் 10 வருடத் திருமணம் என்றால் ஆயுளுக்கும் உண்டு என்பதும் தவறு: 10 வருடத்துக்குக் குறைந்தால் பொதுவாகத் திருமணக் காலத்தில் பாதி, அதற்கு மேல் நீதிமன்றம் முடிவுத் தேதி போடாமல் தன் அதிகாரத்தை வைத்துக்கொள்ளும், அவ்வளவே. எச்-4 விசாவில் இருப்பவர் ஒன்றைக் குறித்துக்கொள்ளவேண்டும்: திருமணம் கலையும் தேதியோடு அந்த விசா நிலையும் போய்விடும். தீர்ப்புத் தேதியைப் பேசி வைத்துக்கொள்வது பணத்தைப் பேசுவதற்குச் சமமான காரியம்.

உங்கள் வாசகர்களில் பெரும்பாலோருக்கு நேரடியாகத் தேவைப்படுவது இந்தியப் பக்கம். மனைவி சென்னையில் இருக்க, கணவர் கலிபோர்னியாவில் மனு போட்டுத் தபாலிலோ வாட்ஸாப்பிலோ அனுப்பினால் அது சம்மன் ஆகாது. நீதிமன்றத் தாள்களை நாடுவிட்டு நாடு சேர்ப்பிப்பதற்கான ஹேக் உடன்படிக்கையில் தபால் வழிச் சேர்ப்பை இந்தியா ஏற்கவில்லை. மத்திய சட்ட அமைச்சகத்தின் வழியாக வரவேண்டும், மாதங்கள் பிடிக்கும். அல்லது பெற்றுக்கொண்டதாக மனைவி தானே கையெழுத்திடவேண்டும். ஒருதலையாகத் தீர்ப்பு வாங்கிவிட்டாலும் சிக்கல் தீராது. ‘இணக்கமின்மை’ இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக் காரணமே அல்ல. ஒரு தரப்பு முழுமனதோடு வழக்குக்கு உட்படவோ சம்மதிக்கவோ இல்லாமல், நம் சட்டத்தில் இல்லாத காரணத்தில் தரப்பட்ட வெளிநாட்டு விவாகரத்து இங்கே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் ஒய். நரசிம்ம ராவ் வழக்கில் சொல்லிவிட்டது. அங்கே மணமுறிந்தவர் இங்கே மணமானவராக நீடித்து, மறுமணம் செய்தால் இருதார வழக்கில் மாட்டலாம். இருவரும் ஒத்துக்கொண்ட பிரிவு என்றால் சம்மதத்தை எழுத்தில் பதிவுசெய்வது அவசியம். இங்குள்ள குடும்பநல நீதிமன்றத்தில் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்கீழ் பரஸ்பர சம்மத மனு போடுவது இன்னும் உறுதியானது. ஒரு வருடம் பிரிந்திருக்கவேண்டும். ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் தீர்ப்பாகியிருக்கிறது.

கலிபோர்னியா நீதிபதி நம் ஊர் ஃபிளாட்டின் மதிப்பைக் கணக்கில் சேர்ப்பார், பத்திரத்தை மாற்ற முடியாது. அமெரிக்கத் தீர்ப்பை நேரடியாக இங்கே நிறைவேற்றிக்கொள்ளவும் வழியில்லை. அதை ஆதாரமாக வைத்துப் புது வழக்கே போடவேண்டும். ஆகவே ஃபிளாட் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமே விட்டு, ஈடான தொகையை அங்குள்ள பங்கிலோ வீட்டிலோ கழித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அப்படியில்லாமல் ஃபிளாட் கைமாறவேண்டும் என்று முடிவானால், ஒப்பந்தத்தில் கதவு எண், சர்வே எண், பிரிபடாத நிலப்பங்கு, சார்பதிவாளர் அலுவலகம், மின் இணைப்பு எண் வரை எழுதவேண்டும். வெளிநாட்டில் கையெழுத்தாகும் பவர் பத்திரம் நோட்டரியோ இந்தியத் தூதரகமோ சான்றளித்ததாக இருக்கவேண்டும். இந்தியா வந்து 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டவேண்டும்.

தேதியும் முக்கியம். இருவரும் எழுத்தில் சம்மதித்து, கணவன் மனைவியாக இருக்கும்போதே செட்டில்மென்ட் பத்திரமாகப் பதிந்தால், தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்கான சலுகையில் முத்திரைத்தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. விவாகரத்துக்குப் பிறகு போனால் அவர்கள் அந்நியர்கள்: முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு 80 லட்சம் என்றால் 7,20,000 ரூபாய்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சான்ட்டா கிளாரா, கலிபோர்னியா