தீவனத்தில் வைட்டமின் சேர்ப்பவர்கள் கவனத்துக்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மீனைப் பிடித்து இடம் மாற்றும் நாளில் மட்டும் தீவனத்தில் வைட்டமின் கலந்து போட்டால் போதுமா என்று பலர் கேட்கிறீர்கள். போதாது. உடம்பில் அது சேர்வதற்குச் சில வாரங்கள் வேண்டும்.

வலை இழுப்பு, நெரிசல், ஆக்சிஜன் குறைவு எதுவானாலும் மீனின் ரத்தத்தில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறும். செல்களைச் சிதைக்கும், சாதாரண ஆக்சிஜனைவிடத் தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகளும் பெருகும். மீனின் செல் சவ்வில் எளிதில் கெடும் கொழுப்பு அதிகம் என்பதால் அடி முதலில் அங்கேதான் விழும். அந்தச் சவ்வைக் காப்பது வைட்டமின் ஈ. தேய்ந்துபோன வைட்டமின் ஈ-யை மீட்டுத் தருவது வைட்டமின் சி. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

பெரும்பாலான வளர்ப்பு மீன்களால் வைட்டமின் சி-யைத் தாமே உண்டாக்க முடியாது. நெடுநாள் குறைந்தால் முதுகெலும்பே வளைந்துவிடும். வைட்டமின் சி-யின் சாதாரண வடிவமான அஸ்கார்பிக் அமிலம் தீவனத் தயாரிப்பின் சூட்டிலும் சேமிப்பிலும் பெருமளவு அழிந்துவிடும். பாஸ்பேட் சேர்ந்த வடிவம்தான் தாங்கும். பை வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள்.

தீவனத்தில் சேர்க்கும் செலினியம் என்ற தாது விஷயத்தில் தயவுசெய்து கண்ணளவு வேண்டாம். தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

அப்புறம், சிக்கு வாடை அடிக்கும் தீவனத்தை, எந்த வைட்டமினைக் கலந்தாலும், போடாதீர்கள். கெட்ட எண்ணெயே அந்த வைட்டமினைத் தின்றுவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் முதலில் ஏரேட்டரை (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) போடுங்கள், அந்த நேரத்தில் தீவனமே வேண்டாம்.

உங்கள் தீவனப் பையின் லேபிளைப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.