'மீன்ஸ்' எங்கிருந்து வந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மாணவர் பகுதியில் ஆங்கில நிபந்தனை வாக்கியங்களைப் பற்றி வந்த பாடத்தைப் படித்தேன். டைப் 1, டைப் 2, டைப் 3 என்று சூத்திரம் கொடுத்துவிட்டு, 'தமிழில் யோசிக்காதீர்கள்' என்று முடித்திருந்தார்கள். 31 ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள் நான். அந்தக் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன மாதம் நேர்காணலுக்குப் போய்வந்தாள். 'இஃப் யூ செலக்ட் மீ மீன்ஸ், ஐ வில் ஜாயின் ஆன் மண்டே' என்றிருக்கிறாள். எதிரே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம். 'என்ன டீச்சர் தப்பாச் சொல்லிட்டேன்?' என்று கேட்டபோது அவள் கண் கலங்கியிருந்தது.

'ஆவியாதல் என்றால் என்ன?' என்கிறோம். 'மழை வருதுன்னா நான் வரலை' என்றும் சொல்கிறோம். இரண்டிலும் இருப்பது ஒரே 'என்றால்'. முதலாவதற்கு மீன்ஸ் பொருந்தும். இரண்டாவதற்கு இஃப் மட்டும்தான். நம் மொழியில் நிபந்தனை வினையின் வாலில் வரும், ஆங்கிலத்தில் தலையில் வரும். அந்தப் பெண் தலையில் இஃப் வைத்துவிட்டு, பழக்கத்தில் வாலிலும் ஒன்றை வைத்திருக்கிறாள். இரண்டு வாக்கியத்தையும் மேலும் கீழுமாக எழுதிக் காட்டினேன். அவளே மீன்ஸை அடித்தாள்.

இந்த ஒரு பிழைக்குத் தமிழ் காரணம் என்றால், மற்ற பல பிழைகளுக்குத் தமிழே மருந்து. என் பேத்தி தங்கியிருக்கும் விடுதியில் ஓர் அறிவிப்பு: 'அன்லெஸ் யூ டோன்ட் பே பிஃபோர் தி டென்த், யூ வில் நாட் பீ அலவுட்.' இதன்படி பார்த்தால் பணம் கட்டியவளைத்தான் வெளியே நிறுத்த வேண்டும்! 'மழை பெய்தாலொழிய மேட்டூர் நிறையாது' என்று சொல்லும் எவரும் 'பெய்யாவிட்டாலொழிய' என்று சொல்லமாட்டார். அன்லெஸ் என்பது அந்த 'ஒழிய'தான். எதிர்மறை அதற்குள்ளேயே இருக்கிறது, பிறகு டோன்ட் எதற்கு?

'இஃப் ஹி வில் கம்' என்று எழுதும் பிள்ளையிடம், 'நாளைக்கு அவன் வந்தால்' என்பதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். 'வருவால்' என்று ஒரு சொல் நமக்குக் கிடையாது. 'இஃப் ஐ வுட் ஹேவ் நோன்' என்பவருக்கு 'தெரிந்திருந்தால் வந்திருப்பேன்' போதும். 'இருந்தால்' பக்கத்துக்கு ஹேட், 'இருப்பேன்' பக்கத்துக்கு வுட் ஹேவ். தெரிந்திருப்பேனால் என்று எந்தக் குழந்தையும் உளறுவதில்லை. இன் கேஸ் விளங்கவில்லையா? 'எதுக்கும் குடையை எடுத்துக்கோ' என்று வாசலில் நின்று அம்மா சொல்வாரே, அந்த 'எதுக்கும்'தான் அது. மழை வந்த பிறகு எடுப்பதற்கு இஃப். வருமோ என்று முன்கூட்டியே எடுப்பதற்கு இன் கேஸ்.

கவனமாக இருக்க வேண்டிய இடமும் உண்டு. 'அப்பா வந்தால் கேட்டுச் சொல்கிறேன்' என்கிறோம். அப்பா சாயங்காலம் வீடு திரும்புவது உறுதி. ஆங்கிலத்தில் அங்கே வென் வர வேண்டும். இஃப் போட்டால், அப்பா வருவதே சந்தேகம் என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார். நம் 'ஆல்' இரண்டு வேலையும் பார்ப்பதால் வரும் சிக்கல் இது. இதையும் தமிழை வைத்துத்தான் விளக்க முடியும்.

தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகள் ஒன்பதில் ஒன்றாகச் 'செயின்', அதாவது 'செய்தால்', என்பதைச் சொல்லியிருக்கிறார். நிபந்தனைக்கு அவ்வளவு பழைய இலக்கணம் உள்ள மொழியைப் பேசும் பிள்ளைகளிடம் அதை மறக்கச் சொல்வது எனக்கு வலிக்கிறது.

வரும் புதன்கிழமை அந்தப் பெண்ணுக்கு இன்னொரு நேர்காணல். அவளைப் போன்றவர்கள்தான் தங்கள் மாணவர் பகுதியை வெட்டி ஒட்டிவைத்துப் படிக்கிறார்கள். அடுத்த பாடத்தில் ஒவ்வோர் ஆங்கில வாக்கியத்துக்குப் பக்கத்திலும் அதன் தமிழ் வாக்கியத்தையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
கும்பகோணம்