புயலை எந்த அடுக்கில் வைப்பது?

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரங்களுக்கு மேல் ஆகிவிட்டது. மழைப்புயல்களின் தரவுகளைத் தொகுக்கும் பணி உன் கைக்கு வந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நிலப்படத் தரவுகளைக் கணினியில் அடுக்கடுக்காகச் சேமிக்கும் புவியியல் தகவல் அமைப்பில் ஒரு புயலை எந்த அடுக்கில் வைப்பது என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். அதற்கு ஒரே வரியில் விடை எழுத என்னால் இயலவில்லை. தாமதத்துக்குக் காரணம் அதுதான்.

சில மாதங்களாக நான் ஓர் ஆற்றின் கரை நகர்வை ஆராய்ந்து வருகிறேன். அதற்காகப் பழைய தரவுத்தளம் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் கரைக்கோட்டை மிகுந்த அக்கறையோடு திருத்தியிருக்கிறார்கள். ஆனால் திருத்தும்போதெல்லாம் பழைய கோட்டை அழித்துவிட்டே புதிய கோட்டை வரைந்திருக்கிறார்கள். அத்தனை ஆண்டு உழைப்பில் இன்று மிஞ்சியிருப்பது கடைசியாகத் திருத்திய ஆறு மட்டும்தான். அந்தக் கோப்பைத் திறந்த நாளில் எனக்கு உண்டான வருத்தம் இன்னும் ஆறவில்லை. எந்த வெள்ளத்தில் எந்தக் கரை எவ்வளவு அரித்தது என்பதை இனி யாராலும் அதிலிருந்து மீட்க முடியாது.

இதற்கான வேர் இந்தத் துறையின் பிறப்பிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். 1960களில் கனடாவில் புவியியலாளர் ரோஜர் டாம்லின்சன் உருவாக்கிய முதல் பெரிய அமைப்பு, எந்த நிலம் எதற்கு ஏற்றது என்று கணக்கெடுப்பதற்காக எழுந்தது. அது ஓர் இருப்புக் கணக்கு. இருப்புக் கணக்குக்கு 'எது', 'எங்கே' என்ற இரண்டு கேள்விகளே போதும். 'எப்போது' என்ற மூன்றாவது கேள்விக்கும் அவற்றுக்கு இணையான இடம் வேண்டும் என்று புவியியலாளர் டோனா பியூகே 1994இல் எழுதினார். அந்த இடம் இன்றும் முழுமையாகக் கிடைத்துவிடவில்லை.

பெரும்பாலோர் செய்வது, தேதியிட்ட அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து வைப்பதுதான். செயற்கைக்கோள் படங்களும் அந்தப் பழக்கத்தையே வளர்த்தன. ஆனால் புவியைப் படமெடுக்கும் ஒரு லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஒரே இடத்துக்கு மீண்டும் வர 16 நாள்கள் ஆகின்றன. இடையில் வெள்ளம் ஏறி வடிந்துவிட்டால், இரண்டு படங்களையும் ஒப்பிடும் கணினி அங்கே எதுவும் நடக்கவில்லை என்றே சொல்லும். நீ தொகுக்கும் புயல்களோ சில மணி நேரத்தில் தோன்றி மறைபவை.

மத்திய ஆசியாவின் ஏரல் கடலை நினைத்துப்பார். 1960இல் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புடன் ஒரே நீர்நிலையாக இருந்த அது, 1980களின் இறுதியில் வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்தது. பின்னர் தெற்குப் பகுதியும் பிளந்தது. 2014இல் அதன் கிழக்குப் பாதி முற்றிலும் வற்றியது. வடக்கிலோ 2005இல் அணை கட்டி முடித்த பிறகு நீர்மட்டம் உயர்ந்தது. அடுக்குகளில் இவையெல்லாம் வெவ்வேறு வடிவமுள்ள பலகோணங்கள், அவ்வளவே. வடக்கில் எஞ்சியிருப்பது பழைய கடலின் தொடர்ச்சியா, புதிதாய்ப் பிறந்த ஏரியா என்ற கேள்விக்கு எந்தப் பலகோணமும் விடை தராது. பிரிந்ததை ஒரு நிகழ்வாக, தனி அடையாள எண்ணோடு, அதற்கு முன்னிருந்தது எது, பின்வந்தவை எவை என்ற இணைப்போடு நாமே எழுதி வைத்தால்தான் உண்டு.

என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது வேறொன்று. அந்தக் கடல் சுருங்கியதற்கு முதன்மைக் காரணம், ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீரைப் பாசனத்துக்குத் திருப்பியது. அந்த வாய்க்கால்களில் பல, கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில், ஆறுகளின் மேற்பகுதியில் இருக்கின்றன. அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் நம் வழக்கமான முறை, ஒரே இடத்தில் இருப்பவற்றை மட்டுமே இணைத்துக் காட்டும். வாய்க்கால் அடுக்கும் கடல் அடுக்கும் அதில் சந்திப்பதே இல்லை. காரணம் ஆற்றின் வழியாகப் பல ஆண்டுகள் பயணம் செய்து விளைவை அடைந்திருக்கிறது. அந்த உறவைப் பதியாத தரவுத்தளத்தில் தகவல் நிறைய இருக்கலாம். அதைப் புவியியல் அறிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது உன் புயலுக்கு வருகிறேன். மழை என்பது ஒரு புலம். ஒவ்வொரு புள்ளியிலும் அதற்கு ஓர் அளவு உண்டு. புயலோ நகரும், பிளக்கும், வேறொன்றோடு சேரும் ஒரு பொருள். புலத்திலிருந்து பொருளை எடுக்க ஓர் எல்லை அளவு தேவை. மணிக்கு 2 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஒரே புயலாகத் தெரிவது, 5 என்று உயர்த்தியதும் இரண்டாகிவிடலாம். ஆகவே அந்த எல்லை அளவையும் புயலோடு சேர்த்தே பதிவு செய். மழைத் தரவை நிகழ்வு, செயல்முறை, நிலை எனப் படிநிலையாக அடுக்கிய மே யுவான் என்ற ஆய்வாளரின் ஆய்வு உனக்கு நேரடியாகப் பயன்படும். மழைப்புலத்தை ராஸ்டராகவே, அதாவது கட்டத்துக்கு ஓர் அளவு கொண்ட படமாகவே விட்டுவிடு. புயலுக்கெனத் தனி அட்டவணை வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு மணி நேரத்துப் படத்துக்கும் இணைப்புக் கொடு. நிகழ்ந்த நேரம், பதிந்த நேரம் ஆகிய இரண்டையும் அட்டவணையில் தனித்தனி நெடுவரிசைகளில் எழுது. பிற்பாடு திருத்த நேர்ந்தால் பழைய வரிசையை அழிக்காதே. என் ஆற்றுக்கு நேர்ந்தது உன் புயல்களுக்கு நேரக்கூடாது.

ஒரு புயல் இரண்டாகப் பிளந்த நாளின் தரவு உன்னிடம் இருந்தால், நீ இட்ட அடையாள எண்களை நீக்கிவிட்டு எனக்கு அனுப்பு. எது தாய், எது சேய் என்று நானும் தனியாகக் குறித்து அனுப்புகிறேன். நாம் இருவரும் எந்த மணி நேரத்தில் வேறுபடுகிறோம் என்று பார்க்க ஆவலாக இருக்கிறது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்