மேற்கு மதிலோரத்துத் தூங்குமூஞ்சி மரம்

பட்டுக்கோட்டை,
ஆடி 22 (7.8.2025)

அன்புள்ள தம்பி கதிரவனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். நீயும் மருமகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மரத்தை வெட்டப் போவதாக நான் சொன்னதும் நீ பேச்சை நிறுத்திவிட்டாய். அன்று இரவே மூன்று செய்திகள் அனுப்பியிருந்தாய். மூன்றிலும் தாத்தா நட்ட மரத்தில் கை வைக்க வேண்டாம் என்றே இருந்தது. தொலைபேசியில் பேசினால் நீ ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, விஷயம் விலகிப் போய்விடும். ஆகவே இந்த இரண்டு வாரமாக நான் பார்த்ததையும் விசாரித்ததையும் எழுதிவிடுகிறேன். படித்த பிறகும் உனக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அதையும் எழுது.

முதலில், அந்த மரத்தைத் தாத்தா நடவில்லை. 1987-இல் வயலுக்கு அடிப்பதற்காக வாசலில் கொட்டி வைத்திருந்த எருவிலிருந்து முளைத்த கன்று அது. தூங்குமூஞ்சிக் காயை ஆடும் மாடும் விரும்பித் தின்னும். கொட்டை செரிக்காமல் சாணத்தோடு வெளியே வந்து எங்கே விழுகிறதோ அங்கே முளைத்துவிடும். மதிலோரத்தில் இது ஆகாது, பிடுங்கிப் போடு என்று தாத்தா இரண்டு முறை சொன்னார். வண்டிமாட்டைக் கட்ட வாசலில் நிழலே இல்லை என்று உன் அப்பாதான் விட்டு வைத்தார். நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது அது ஓட்டுக்கு மேலே எழும்பிவிட்டதால், அது எப்போதும் அங்கேயே இருந்ததாக உனக்குத் தோன்றுவது இயல்புதான். மரத்தின் அருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. தாத்தாவின் பெயரைச் சொல்லி நீ தடுப்பதால், தாத்தா சொன்னது என்ன என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

கஜா புயலிலேயே விழாத மரம் இனியா விழப்போகிறது என்று நீ கேட்டது நியாயமான கேள்வி. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய அந்தப் புயல், மணிக்கு 120 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் நம் பக்கமெல்லாம் தென்னந்தோப்புகளைக் கதிர் அறுத்ததுபோலச் சாய்த்துவிட்டுப் போனது. முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று மரங்களை அசைத்து வேரைத் தளர்த்தியது. பிறகு தெற்கிலிருந்து திருப்பி அடித்தபோதுதான் பல மரங்கள் பெயர்ந்தன. நீ சென்னையிலிருந்து நான்கு நாள் கழித்து வந்து சேர்ந்தபோது, நம் கொல்லையில் பதினொரு தென்னை விழுந்து கிடந்ததையும், வாசலில் இந்த மரம் மட்டும் இலையெல்லாம் உதிர்ந்து எலும்புக்கூடாக நின்றதையும் பார்த்தாய். உண்மைதான், அன்றைக்கு அது நின்றது. ஆனால் அன்றைக்கு அதற்கு நான்கு பக்கமும் வேர் இருந்தது.

இரண்டு ஆண்டுக்கு முன் தெருவில் சாக்கடை வாய்க்கால் கட்ட மதிலை ஒட்டி மூன்றரை அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்தார்கள். இயந்திரம் வந்த அன்று நான் வங்கிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது என் தொடை பருமன் வேர்கள் இரண்டும், சிறியவை எத்தனையோவும் அறுந்து மண்மேட்டில் கிடந்தன. ஒப்பந்தக்காரரிடம் கேட்டதற்கு, மரம் என்றால் ஆணிவேர் கீழே பத்தடி போயிருக்கும், இதெல்லாம் மேல்வேர்தான் என்று சிரித்தார். நானும் அப்போது நம்பினேன். பிறகு விசாரித்ததில்தான், பெரிய மரத்தைத் தாங்கி நிற்கும் வேர்களில் பெரும்பகுதி மேலிருந்து இரண்டு மூன்று அடிக்குள்தான் இருக்கும் என்றும், அவை கிளைப் பரப்பையும் தாண்டி ஓடும் என்றும், காற்று வரும் பக்கத்து வேர்தான் கூடாரக் கயிறுபோல மரத்தை இழுத்துப் பிடிக்கும் என்றும் தெரிந்தது. நம் மரத்துக்கு அறுந்தது மேற்குப் பக்கத்து வேர். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வருகிறது. மரத்துக்குக் கிழக்கே நம் வீடு.

இதை வெறும் கணக்காக நான் சொல்லவில்லை, தம்பி. பதினெட்டாம் பெருக்கு அன்று காலையில் வாசல் தெளிக்கும்போது, மரத்தடியில் மதில் பக்கமாகப் பிறை வடிவில் மண் வெடித்திருப்பதைப் பார்த்தேன். கோடை வெடிப்பாக இருக்கும் என்று எண்ணி, சந்தேகத்துக்கு ஒரு தென்னை ஈர்க்கை அதில் செருகிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கவனித்தேன். பலமாகக் காற்று வீசியபோதெல்லாம் ஈர்க்கு தளர்ந்து சாய்ந்தது. காற்று ஓய்ந்ததும் வெடிப்பு அதை இறுகப் பிடித்துக்கொண்டது. அதாவது மரம் வேரடியோடு சேர்ந்து தூக்கி உட்காருகிறது. அதே பக்கத்தில் அடிமரத்தை ஒட்டி, கையால் பெயர்க்க முடியாத அளவுக்குக் கெட்டியான தட்டுக் காளான் இரண்டு முளைத்திருக்கின்றன. அறுபட்ட இடத்தில் வேர் அழுகத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். அன்று இரவிலிருந்து உன் அறையில் யாரையும் படுக்க விடுவதில்லை. நானும் பின்கட்டில்தான் படுக்கிறேன்.

வெட்டாமல் காப்பாற்ற வழியுண்டா என்றும் பார்த்தேன். மேலே மொட்டையடித்துவிட்டால் பாரம் குறையும் என்று கீழண்டை வீட்டு அத்தை சொன்னார். மொட்டையடித்த கிளையிலிருந்து கொத்தாகப் பொங்கி வரும் புதுக் கிளைகள், உள்மரத்தில் ஊன்றாமல் பட்டையோரத்தில் ஒட்டிக்கொண்டு வளர்பவை. நான்கு ஆண்டில் அவை பருத்ததும் சிறு காற்றுக்கே பிளந்து விழும். மேலும், மின்கம்பிக்காக ஆண்டுதோறும் தெருப்பக்கத்துக் கிளைகளைக் கழித்துக் கழித்து, இப்போது பாரம் முழுவதும் வீட்டுப் பக்கமே சாய்ந்திருக்கிறது. நன்றாக வேர் ஊன்றிய மரமாக இருந்தால் உள்கிளைகளை அளவாகக் கழித்து, காற்று ஊடுருவிப் போக இடம் விட்டு வைத்துக்கொள்ளலாம். வேரே போன மரத்துக்கு அது பயன்படாது.

மர வியாபாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வாசல் மரத்தை ஏறிட்டும் பார்க்காமல் நேரே கொல்லைக்குப் போய், பலாமரத்தைச் சுற்றி வந்து, அம்மா, இதுதான் ஆபத்தான மரம், இந்த மழைக்குத் தாங்காது என்றார். அடுத்து வேம்பும் ஆபத்து என்றார். விலை போகாத தூங்குமூஞ்சி மட்டும், அவர் பார்வையில், இன்னும் பத்து ஆண்டுக்கு அசையாது! வீணை செய்கிறவர்கள் தேடும் மரம் பலா என்பது எனக்கும் தெரியும் என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பிவைத்தேன். பலா மேட்டில் நிற்கிறது, தண்ணீர் தேங்குவதில்லை. கஜாவில் ஒடிந்த தலை மறுபடி தழைத்து இந்த ஆண்டும் அடிமரத்தில் காய்த்தது. வேம்பு வீட்டுக்கு எட்டாத தூரத்தில் நிற்கிறது. இரண்டையும் தொடப்போவதில்லை.

சமையற்கட்டுக்குப் பின்னாலுள்ள மாமரம்தான் என்னை அதிகம் குழப்பியது. தட்டினால் பறைபோல ஒலிக்கிறது, உள்ளே பொந்து. பொந்து என்றாலே விழும் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் குழாய் உள்ளே வெற்றிடமாக இருந்தும் வலுவாகத்தானே இருக்கிறது, மரமும் அப்படித்தானாம். நடுவிலிருந்து பட்டை வரையுள்ள அளவில் மூன்றில் ஒரு பங்காவது நல்ல மரம் சுற்றிலும் இருந்தால் பொதுவாகத் தாங்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். நம் மாமரத்துக்கு அந்த அளவு ஒன்றரை அடி. பழைய கிளை முறிந்த ஓட்டை வழியாகத் தச்சர் கம்பி விட்டும், வேறு மூன்று இடங்களில் மெல்லிய துளையிட்டும் பார்த்ததில், ஒன்பது அங்குலத்துக்குக் குறையாமல் கெட்டி மரம் இருக்கிறது. ஆகவே மரத்தை வைத்துக்கொண்டு, ஓட்டின் மேல் நீண்டிருக்கும் ஒரு கிளையை மட்டும் எடுத்துவிடப் போகிறோம். முதலில் அடிப்பக்கத்தில் கொஞ்சம் அறுத்துக்கொண்டுதான் மேலிருந்து அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளை விழும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும் என்று ஆட்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கிணற்றடித் தென்னையும் போக வேண்டியதுதான். அடியில் இரண்டு இடத்தில் துளை, அதிலிருந்து பழுப்பு நீர் வடிகிறது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே அரிக்கும் ஓசை கேட்கிறது. வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டபோது, சிவப்புக் கூன்வண்டு என்றும், இந்த அளவுக்கு முற்றிய மரம் பிழைக்காது என்றும் சொன்னார்கள். வெட்டிய மரத்தைக் கிடப்பில் போடாமல் பிளந்து எரித்துவிட வேண்டும். போட்டு வைத்தால் வண்டு அடுத்த மரத்துக்குப் போகும். மட்டையை அடியோடு ஒட்டக் கழித்த காயத்தின் வழியாகவும் வண்டு நுழையுமாம். அழகுக்காக அப்படி வெட்டச் சொன்னது நான்தான்.

மெல்போர்னில் வீட்டுத் தோட்டத்து மரத்தை வெட்டுவதற்கும் பல இடங்களில் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும் என்று சொன்னாய். நல்ல விதி. இங்கேயும் சந்தன மரத்துக்கு அனுமதி வேண்டும். 2021-இலிருந்து பனைக்கும் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நம் வடகொல்லைப் பனையை வெட்டும் பேச்சே இல்லை. கஜாவில் தலை கலையாமல் நின்றது அது ஒன்றுதான்.

வாசல் மரத்தில் காக்கைக் கூடு ஒன்று இருந்தது. அதில் வளர்ந்த குயில் குஞ்சு பறந்து போய் மூன்று வாரமாகிறது. இப்போது கூடு காலி. ஐப்பசி அடைமழைக்கு முன், மண் ஈரமாகி இன்னும் தளர்வதற்குள், ஆவணி இரண்டாம் வாரத்தில் வேலையை முடிக்க எண்ணியிருக்கிறேன். அன்று தெருவுக்கு மின்சாரத்தை நிறுத்தித் தரச் சொல்லி மின்வாரியத்தில் மனு கொடுத்தாயிற்று. கிளைகளைக் கயிறு கட்டி ஒவ்வொன்றாக இறக்குவார்கள். வெட்டுக்கூலிக்கு விறகு விலை சரியாகிவிடும், நீ பணம் அனுப்ப வேண்டாம். முன்சுவரில் சித்திரையில் விரிந்து ஐப்பசியில் சேரும் வெடிப்பை இப்போது பூச வேண்டாம் என்று கொத்தனார் சொல்கிறார். நம்முடையது களிமண், மரம் குடித்த நீர் இனி மண்ணிலேயே நிற்கும்போது தரை கொஞ்சம் எழும்பும், இரண்டு மழைக்காலம் போகட்டும் என்கிறார். அதே இடத்தில் வேறு மரம் வைக்க மாட்டேன். வடமேற்கு மூலையில், மதிலுக்குப் பதினைந்து அடி தள்ளி, ஒரு புங்கங்கன்று வைக்கக் குழி எடுத்து ஆற வைத்திருக்கிறேன்.

ஒரு சிரமம் மட்டும் உண்டு. மரம் போன பிறகு மாலை வெயில் நேரே உன் அறையில்தான் இறங்கும்; புங்கன் நிழல் தர ஆறேழு ஆண்டு ஆகும். நீங்கள் மார்கழியில் வருவதாக இருந்தால் அவசரமில்லை. சித்திரையில் வருவதானால் ஜன்னலுக்கு மூங்கில் தட்டி இப்போதே சொல்லி வைக்க வேண்டும், பேத்தி வெயில் தாங்க மாட்டாள். எந்த மாதம் என்று முடிவு செய்து தெரியப்படுத்து.

அன்புடன்,
அம்மா