சாவியை வாங்கியவரிடம்தான் கணக்குக் கேட்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூடான் தலைநகர் கார்ட்டூமில் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது பற்றி உங்கள் பத்திரிகையின் உலகச் செய்திப் பக்கத்தில், அடியில், ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வந்திருந்தது. 2023 ஜூனில், ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் துணை ராணுவப் படை அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தது. 2025 மார்ச்சில் ராணுவம் நகரத்தை மீட்டு உள்ளே போய்ப் பார்த்தபோது தங்கம் வைத்திருந்த அறை காலி. தஹார்க்கா மன்னனின் பெரிய கல் சிலை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதைத் தூக்க யாராலும் முடியவில்லை, அவ்வளவு கனம். இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

நான் 1984 முதல் குவைத்தில், ஷுவைக் துறைமுகத்துக்குப் பக்கத்தில், வீட்டுச் சாமான்களைக் கட்டி ஊருக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். வேலை இதுதான்: வருகிற சாமானை எண்ணி வாங்க வேண்டும், பேக்கிங் லிஸ்ட் போட வேண்டும், பெட்டியில் நம்பர் எழுத வேண்டும், கன்டெய்னர் கதவில் ஈயச் சீல் அடிக்க வேண்டும். லிஸ்ட் மூன்று காப்பி. ஒன்று பெட்டியோடு போகும், ஒன்று ஃபைலில் இருக்கும், மூன்றாவது கார்பன் காப்பி என் பையில். சாவி என் இடுப்பில் இருக்கிற நேரத்தில் ஒரு டம்ளர் காணாமல் போனாலும் பதில் சொல்ல வேண்டியவன் நான். "நான் எடுக்கவில்லை" என்பது அங்கே பதிலே இல்லை. நீ எடுத்தாயா என்று யாரும் கேட்பதில்லை. உன் பொறுப்பில் இருந்ததா என்றுதான் கேட்பார்கள்.

குவைத் தேசிய அருங்காட்சியகம் கடற்கரைச் சாலையில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் ஐந்து பேர் போனோம். வெளியே 'அல்-முஹல்லப்' என்று ஒரு பழைய மரக்கப்பல் நிறுத்தியிருந்தார்கள், 1937இல் கட்டியது. அந்த மாதிரிக் கப்பல்களுக்குத் தேக்கு நம் மலபார் கரையிலிருந்துதான் போயிருக்கிறது. உள்ளே ஷேக் நாசர் சபாஹ் அல்-அஹ்மதும் அவர் மனைவி ஷேகா ஹுஸ்ஸாவும் சேர்த்துக் காட்சிக்குக் கொடுத்திருந்த இஸ்லாமியக் கலைப் பொருள்கள். மொகலாயர் காலத்துக் கல் இழைத்த நகைகளைப் பார்த்ததும் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது எங்களுக்கு. மொராக்கோவின் ஃபெஸ் நகரத்திலிருந்து வந்த 14ஆம் நூற்றாண்டு மரக்கதவு ஒன்று இருந்தது, அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம். எங்களோடு வந்த நாகர்கோவில் ஆசாரி அதன் முன்னால் போய் நின்றவர் நகரவே இல்லை. மற்றதையெல்லாம் நாங்கள் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போதும் அங்கேயேதான் நின்றிருந்தார். "இந்தச் செதுக்குக்கு உளி பிடிச்சவன் கண்ணு எப்படி இருந்திருக்கும்" என்றார். அதற்குமேல் அன்று முழுக்க அவர் பேசவில்லை.

1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை, ஈராக் படை வந்தது. ஆயிரக்கணக்கான இந்தியர்களோடு நானும் பஸ்ஸில் பாஸ்ரா, பக்தாத் வழியாக ஜோர்டான் எல்லைக்குப் போய், அம்மானில் விமானம் ஏறி பம்பாய் வந்து சேர்ந்தேன். கையில் ஒரு ரெக்சின் பை. அதில் நாலு துணி, பாஸ்போர்ட், அப்புறம் அந்தக் கார்பன் காப்பிகள். ஏன் அவற்றை எடுத்துவந்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, பழக்கதோஷம்தான். கிடங்கில் இருந்ததெல்லாம் போய்விட்டது. பின்னால் ஐ.நா. இழப்பீட்டுக் கமிஷனுக்கு மனு போட்டபோது, எங்கள் கிடங்கில் சாமான் போட்டிருந்த ஏழெட்டுக் குடும்பங்களுக்கு அந்த மங்கிப்போன ஊதாத் தாள்தான் கையில் இருந்த ஒரே ஆதாரம்.

நான் வந்த அதே சாலையில் பின்னாலேயே லாரிகளும் போயிருக்கின்றன. குவைத் அருங்காட்சியகத்துப் பொருள்களை ஈராக் ஆட்கள் பெட்டி கட்டி பக்தாத்துக்குக் கொண்டுபோனார்கள். பாதுகாக்கத்தான் எடுத்தோம் என்று ஈராக் சொன்னது. பாதுகாப்புக்கு எடுத்தவர்கள் கட்டடத்தை எரிய விட்டதற்கு என்ன காரணம் சொல்வார்கள்? 1992இல் நான் மறுபடி வேலைக்குப் போனபோது சுவரெல்லாம் கரி. முஹல்லப் கப்பல் சாம்பலாகியிருந்தது. ஃபெஸ் கதவு லாரியில் ஏற்ற முடியாத சாமான் என்பதால் அங்கேயே விட்டிருந்தார்கள், அது கட்டடத்தோடு எரிந்துபோனது. ஆசாரிக்கு நான் அதைக் கடிதத்தில் எழுதவில்லை.

ஆனால் கொண்டுபோனதில் பெரும்பகுதி திரும்பி வந்தது. 1991 மார்ச்சில் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 686ஆம் தீர்மானம், குவைத்தில் எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடு என்றது. அந்த வருஷம் செப்டம்பர், அக்டோபரில் ஐ.நா. ஆட்கள் முன்னிலையில் எண்ணி ஒப்படைத்தார்கள். சிலது உடைந்து வந்தது, சிலது வரவே இல்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கான பொருள்கள் ஒரு போரைத் தாண்டி வீடு திரும்பின என்றால், அதற்கு இரண்டு காரணம்தான். பெட்டி கட்டியவர்கள் அந்தத் தொழில் தெரிந்த அருங்காட்சியக ஆட்கள். கேட்க உரிமை உள்ளவர்கள் கையில் என்ன இருந்தது என்ற கணக்கு இருந்தது.

ஏறக்குறையப் பன்னிரண்டு வருஷம் கழித்து, அமெரிக்கப் படை ஈராக்குக்குள் நுழைந்தபோது, அதே பக்தாத்தில் நடந்ததை டிவியில் பார்த்தேன். 2003 ஏப்ரல் 8ஆம் தேதி ஈராக் தேசிய அருங்காட்சியக வளாகத்தில் சண்டை நெருங்கியதும் கடைசி ஊழியர்கள் வெளியேறினார்கள். 10ஆம் தேதி கூட்டம் உள்ளே புகுந்தது. 12ஆம் தேதி ஊழியர்கள் திரும்பி வந்து மிச்சத்தைக் காப்பாற்ற வாசலில் நின்றார்கள். அமெரிக்க டாங்குகள் காவலுக்கு வந்தது 16ஆம் தேதி. அந்த வளாகத்திலிருந்து சுட்டார்கள், அதனால் நெருங்க முடியவில்லை என்று ராணுவத் தரப்பில் சொன்னார்கள். சண்டை நடந்தது உண்மைதான், 10ஆம் தேதிவரை அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 12க்கும் 16க்கும் நடுவில் நாலு நாள் இருக்கிறதே? சுடுபவர்கள் யாரும் இல்லை, வெறும் கையோடு ஊழியர்கள் மட்டும் நிற்கிறார்கள், எண்ணெய் அமைச்சகத்துக்கு மட்டும் காவல் இருக்கிறது. இந்த நாலு நாளுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை என்றும் சொல்ல முடியாது. சிகாகோ பல்கலைக்கழகத்துத் தொல்லியல் பேராசிரியர் மெக்குவயர் கிப்சன் போருக்கு முன்னால், ஜனவரியிலேயே, பென்டகனுக்குப் போய் இந்த இடங்களின் பட்டியலைக் கொடுத்திருக்கிறார்.

போனது சுமார் 15,000 பொருள். அதில் சுமார் 5,000 உருளை முத்திரைகள். இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது என் தொழில். விரல் நுனி அளவுக்கு ஒரு கல் உருளை, சுற்றிலும் உருவங்கள் வெட்டியிருக்கும். ஈரக் களிமண்மேல் உருட்டினால் அந்தச் சித்திரம் பதியும். ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரில் ஜாடி வாயையும் கிடங்குக் கதவையும் களிமண்ணால் அடைத்து, அதன்மேல் இதை உருட்டுவார்கள். முத்திரை உடைந்திருந்தால் யாரோ உள்ளே போயிருக்கிறான் என்று அர்த்தம். நான் ஷுவைக்கில் அடித்த ஈயச் சீலுக்கு அதுதான் பாட்டன். அந்த ஊர் ஸ்டோர் கீப்பர்களின் கைச் சாமான் அது. அதையே ஸ்டோரை உடைத்து அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள் என்பதை என்னால் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை.

முத்திரைகள் இருந்த அருங்காட்சியக நிலவறைக்குள் போன திருடர்களிடம் அலமாரிச் சாவிகளும் இருந்திருக்கின்றன. கரண்ட் இல்லை. வெளிச்சத்துக்கு ஃபோமைக் கொளுத்திப் பிடித்திருக்கிறார்கள். அந்த இருட்டில் சாவிக் கொத்து கைதவறி விழுந்துவிட்டது, தேடியும் அகப்படவில்லை. நாணயங்களும் மிகச் சிறந்த முத்திரைகளும் இருந்த அலமாரிகள் அதனால்தான் தப்பின. கீழே கிடந்த பெட்டிகளில் இருந்ததோடு திருடர்கள் போய்விட்டார்கள். உலகத்தின் பெரிய படை ஊருக்குள் இருக்கும்போது, ஒரு சாவிக் கொத்து கீழே விழுந்ததுதான் அந்த அலமாரிகளுக்குக் காவல்.

அந்த ஊர்க்காரர்கள் செய்ததையும் எழுத வேண்டும். போருக்கு முன்பே காட்சிக் கூடத்திலிருந்து 8,366 பொருள்களை எடுத்து ஒரு ரகசிய இடத்தில் வைத்தார்கள். இடம் தெரிந்த சில ஊழியர்கள், வெளியே சொல்ல மாட்டோம் என்று குர்ஆன்மேல் சத்தியம் செய்திருந்தார்கள். ஒன்றுகூடப் போகவில்லை. ஊருக் நகரத்து ஐயாயிரம் வருஷக் கல் ஜாடியை அப்படி அப்புறப்படுத்த முடியவில்லை. அதைத் திருடர்கள் பீடத்திலிருந்து பெயர்த்து எடுத்தார்கள். தண்டனை கிடையாது, கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்று அறிவித்த பிறகு, ஜூன் மாதம் ஒரு காரின் பின்பக்கத்தில் துண்டுகளாகத் திரும்பி வந்தது. பாபிலோனில் வேறு மாதிரி. அங்கே அமெரிக்கப் படை முகாமே போட்டது. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜான் கர்ட்டிஸ் 2005இல் கொடுத்த அறிக்கையைப் பற்றிப் படித்தேன். பழைய ஊர்வலப் பாதையின் தளக்கல் வண்டிச் சக்கரத்தில் நொறுங்கியிருந்தது. மண்மூட்டைகளுக்குள் பானை ஓடுகளும் எழுத்துள்ள செங்கல் துண்டுகளும் இருந்தன. யார் மண்ணை அள்ளி மூட்டை கட்டினார்களோ, அவர்களுக்கு அது வெறும் மண்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. போர்க்காலத்தில் கலைச் செல்வங்களைக் காப்பதற்கான 1954ஆம் வருஷத்து ஹேக் ஒப்பந்தம், நீ திருடாதே என்பதோடு நிற்கவில்லை. எந்த விதத் திருட்டையும் சூறையையும் தடுத்து நிறுத்த வேண்டும் என்கிறது. யார் செய்தாலும் தடுக்க வேண்டும். ஆக்கிரமித்த ஊரில் அங்குள்ள அதிகாரிகளுக்குத் துணை நிற்க வேண்டும், அவர்களால் முடியாதபோது அவசர வேலையைத் தானே செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. எங்கள் கிடங்குச் சட்டமும் அதுதான். இந்தியா 1958இலேயே இதில் சேர்ந்துவிட்டது. அமெரிக்கா 1954இல் கையெழுத்துப் போட்டுவிட்டு 2009இல்தான் உறுதி செய்தது, பிரிட்டன் 2017இல். இரண்டும் பக்தாத்துக்குப் பிறகு. மாலி நாட்டின் திம்புக்டுவில் சூஃபிகளின் சமாதிகளை இடித்த வழக்கில் 2016இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஒருவருக்கு ஒன்பது வருஷச் சிறை கொடுத்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் இடித்தவன் கூண்டில் ஏறினான், காவல் போட வேண்டிய இடத்தில் போடாதவர் யாரும் இதுவரை ஏறியதாக நான் படிக்கவில்லை. என் ஆதங்கம் முழுக்க இங்கேதான். 2022இல் உக்ரைனின் கெர்சன் அருங்காட்சியகத்து ஓவியங்களை ரஷ்யர்கள் லாரியில் ஏற்றிக் கிரிமியாவுக்குக் கொண்டுபோனார்கள். மறுபடியும் பாதுகாப்பு என்றுதான் சொன்னார்கள். குவைத்தில் ஒருமுறை கேட்ட சொல் எனக்கு.

அந்த ஒப்பந்தத்திலேயே இன்னொன்று இருக்கிறது, அதுதான் நம் வீட்டு வாசல்வரை வருகிறது. பாதுகாப்பு ஏற்பாட்டைச் சமாதான காலத்திலேயே செய்து வைக்க வேண்டும் என்கிறது. அதற்குப் பெரிய செலவொன்றும் வேண்டாம். ஒவ்வொரு பொருளுக்கும் நம்பர், அளவு, நாலு பக்கமும் போட்டோ, உடைசல் கீறல் எங்கே இருக்கிறது என்று ஒரு வரி. அந்தப் பதிவேட்டின் காப்பி ஒன்று அதே கட்டடத்தில் இல்லாமல் வேறொரு ஊரில். போர் வர வேண்டியதில்லை, ஒரு வெள்ளம், ஒரு மின்கசிவு போதும். கீறலைக் குறிக்காத பொருளை நாளைக்கு ஏலக் கடையில் பார்த்தால், இது எங்களுடையது என்று எதை வைத்துச் சொல்வோம்?

போன மாதம் பேத்தியோடு ஓர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன், ஊர்ப் பெயர் வேண்டாம். பதிவேட்டுக்கு வேறு இடத்தில் காப்பி இருக்கிறதா என்று அங்கிருந்த ஊழியரிடம் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். பீரோவைக் காட்டி, "எல்லாம் இதுக்குள்ளதான் பத்திரமா இருக்கு ஐயா" என்றார்.

ஆசிரியர் ஐயா, உங்களுக்கு மாவட்டம்தோறும் நிருபர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தங்கள் ஊர் அருங்காட்சியகத்துக்குப் போய் இந்த ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: போட்டோவோடு கூடிய பதிவேட்டின் காப்பி வேறு எந்த ஊரில் இருக்கிறது? வருகிற பதிலை ஊர் வாரியாகப் போடுங்கள். பெட்டிச் செய்தியாகப் போட்டாலும் போதும், நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

இப்படிக்கு,
ரா. சு.,
ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர்,
பட்டுக்கோட்டை.