தைத்த ஜவ்வு ஒட்டும்வரை

தஞ்சாவூர்
டிசம்பர் 28

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நேற்றிரவு தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் வலியும் எரிச்சலுமாக இருக்கும் நேரத்தில் வாய்ச்சொல்லாகக் கேட்பது மனத்தில் நிற்காது. எடுத்து மறுபடியும் படித்துக்கொள்ளும்படி எழுதி அனுப்புவதே நல்லது என்று தோன்றியது. உன் அலுவலகத் தோழிக்கும் இதே முழங்கால் ஜவ்வுக் கிழிசல்தான், இதே நுண்துளை அறுவை சிகிச்சைதான். அவள் மறுநாளே காலை ஊன்றி நடந்தாள், ஆறாவது வாரத்தில் இறகுப்பந்து மட்டையைக் கையில் எடுத்துவிட்டாள். எனக்கு மட்டும் ஏன் ஆறு வாரம் ஊன்றுகோல், ஆறு மாதம் ஆட்டம் கிடையாது என்கிறார்கள் என்று கேட்டாய்.

அவளுக்குச் செய்தது வேறு, உனக்குச் செய்தது வேறு அம்மா. தோலில் தெரியும் துளைகள் மட்டும்தான் ஒன்றுபோல் இருக்கின்றன. அவளுக்குக் கிழிந்த ஓரத்தைச் சீவி எடுத்துவிட்டார்கள். அதன்பின் ஆற வேண்டியவை துளைகளும் மூட்டு வீக்கமும் மட்டுமே. உனக்கோ, கிழிந்து புரண்டு மூட்டின் நடுவே சிக்கியிருந்த துண்டை வெட்டியெறியாமல், அது இருந்த இடத்துக்கே கொண்டுவந்து தைத்திருக்கிறார்கள். அறிக்கையில் வாளிக் கைப்பிடிக் கிழிசல் என்று எழுதியிருப்பது அதைத்தான். களத்தில் விழுந்த அன்று முட்டி பூட்டிக்கொண்டதுபோல் நீட்ட வரவில்லை என்றாயே, அந்தத் துண்டு குறுக்கே நின்றதால் வந்த தடை அது.

தொடையெலும்பின் முனை உருண்டை. அதைத் தாங்கும் கீழெலும்பின் மேற்பரப்போ ஏறக்குறையத் தட்டை. அடி உருண்டையான பானை ஆடாமல் நிற்க நம் வீட்டில் பாட்டி பிரிமணை வைப்பார் அல்லவா, அந்த வேலையை முட்டிக்குள் இரண்டு பிறை வடிவக் குருத்தெலும்புகள் செய்கின்றன. ஜவ்வு என்று நாம் சொல்வது இவற்றைத்தான். எடையைப் பரப்பித் தாங்குபவை அவையே. அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டால் அதே எடை சிறு பரப்பில் அழுந்தி, எலும்பின் மேலுள்ள வழவழப்பான பூச்சு தேயத் தொடங்கும். நான் பணியில் சேர்ந்த எண்பதுகளில் முட்டியைத் திறந்து முழுக் குருத்தெலும்பையும் எடுத்துவிடுவது சாதாரணமாக நடந்தது. அப்படி எடுத்துக்கொண்டு சில வாரங்களிலேயே துள்ளி நடந்து வீடு திரும்பிய இளைஞர்கள், நாற்பது வயதைத் தொடும் முன்பே தேய்ந்த முட்டியோடு என் பிசியோதெரபி அறைக்குத் திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். குருத்தெலும்பை எடுத்த முட்டியில் என்னென்ன மாற்றங்கள் வருகின்றன என்பதை ஃபேர்பேங்க் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1948-லேயே எக்ஸ்ரே படங்களைக் கொண்டு எழுதிவிட்டார். ஆனாலும் பழக்கம் மாறப் பல காலம் ஆயிற்று. இத்தனைக்கும் எடின்பரோவில் தாமஸ் அன்னண்டேல் என்பவர் 1883-லேயே ஒரு சுரங்கத் தொழிலாளியின் குருத்தெலும்பைத் தைத்துச் சரிசெய்திருந்தார். டோக்கியோவில் வதனபே என்ற மருத்துவர் 1962-இல் நுண்துளை வழியே கிழிந்த பகுதியை மட்டும் எடுத்துக் காட்டிய பிறகுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்ற எண்ணமே பரவலாக வேர் பிடித்தது.

அப்படியானால் எல்லோருக்கும் தைத்துவிடலாமே என்று நீ கேட்பாய். ஒட்டுவதற்கு ரத்தம் வேண்டும். பிறக்கும்போது அந்தப் பிறை முழுவதும் ரத்தக் குழாய்கள் இருக்கும். வளர வளர அவை பின்வாங்கி, பெரியவர்களுக்கு வெளி ஓரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே எஞ்சுகின்றன. உன் தோழிக்குக் கிழிந்தது ரத்த ஓட்டமே இல்லாத உள்விளிம்பாக இருக்க வேண்டும். அங்கே தைத்தாலும் பெரும்பாலும் ஒட்டாது. உனக்குக் கிழிந்தது வெளி ஓரம், வயதும் இருபத்தேழு, கிழிசலும் புதிது. இந்த மூன்றும் ஒன்றாய் அமைந்ததால் மருத்துவர் தைக்கத் துணிந்தார். அந்த முடிவுக்காக நான் அவருக்கு மனமார நன்றி சொல்கிறேன்.

இனி, செய்ய வேண்டியவை. காலை உயர்த்தி வைக்கும்போது தலையணையைக் குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் அடியில் வை. முட்டிக்கு அடியில் ஒருபோதும் வைக்காதே. அங்கே வைத்தால் இதமாக இருக்கும், எல்லோரும் அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள். ஆனால் சில நாட்களில் முட்டி சற்றே மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும், அதை மீண்டும் நீட்டவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஐஸ் ஒத்தடம் துணியில் சுற்றி, ஒரு முறைக்குப் பதினைந்து இருபது நிமிடம் போதும். நடக்கும்போது, முட்டியை அசையாமல் பிடிக்கும் பிரேஸ் நேராகப் பூட்டியிருக்கட்டும். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.

எல்லாவற்றிலும் முக்கியம் தொடைத் தசை. முட்டிக்குள் நீர் கோத்துக்கொண்டால் முன்தொடைத் தசைக்குப் போகும் கட்டளையையே உடல் தானாகக் குறைத்துவிடும். ஒரு வாரத்திலேயே முட்டிச்சில்லுக்குச் சற்று மேலே, உட்புறத்தில், ஒரு பள்ளம் விழுவதைக் காண்பாய். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, முட்டியின் பின்புறத்தைப் படுக்கையை நோக்கி அழுத்து. இரு விரலை முட்டிச்சில்லின் மேல் வைத்துப் பார். தசை சரியாக இறுகினால் சில்லு தொடைப் பக்கம் சிறிது ஏறும். ஏறவில்லை என்றால் நீ இடுப்பால் அழுத்துகிறாய் என்று பொருள். ஐந்து நொடி பிடித்து விடு. ஒரு வேளைக்குப் பத்து, நாளில் பல வேளை. சலிப்பான வேலைதான், ஆனால் தையல் ஒட்டிய பிறகும் நொண்டி நடப்பவர்களில் பெரும்பாலோர் இதைச் செய்யாமல் விட்டவர்கள்.

தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்காதே என்று சொல்லியிருக்கிறார்களே, அதற்கும் காரணம் உண்டு. அதற்கு மேல் மடக்கினால் தொடையெலும்பு பின்னுக்கு உருண்டு, பிறையின் பின்பகுதியில் தையல் மேலேயே அழுந்தும். சம்மணம், குந்துதல், இந்தியக் கழிவறை ஆகியவை குறைந்தது நான்கு மாதத்துக்கு வேண்டாம். பின்தொடைத் தசை ஒன்றின் நார் உட்புறப் பிறையோடு இணைந்திருப்பதால், எதிர்விசை கொடுத்துக் குதிகாலைப் பின்னுக்கு இழுக்கும் பயிற்சியையும் மருத்துவர் அனுமதிக்கும்வரை தொடாதே. பாதத்தை ஊன்றியபடி உடலைத் திருப்புவது எல்லாவற்றையும்விடக் கெடுதல்.

முட்டிக்குள் களக் களக் என்று சத்தம் கேட்கிறது என்றாய். அது உள்ளே மிஞ்சிய உப்புநீரும் காற்றும், தானே அடங்கிவிடும். முட்டியின் உட்புறத்தில் ஓரிடம் மரத்திருப்பதும் தோலடி நரம்பினால் வருவது. பல பேருக்கு மெல்லச் சரியாகும். ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, துளையில் சிவப்போ சீழோ கண்டாலோ விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போ. மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதே.

ஒன்று கேட்க வேண்டும். உன் செய்தியைக் கேட்ட சேலம் மாமா, தன் முட்டி வலிக்கும் இதே சிகிச்சையைச் செய்துகொள்ளப் போவதாகச் சொல்கிறார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அடிபட்டுக் கிழிந்ததல்ல, வயதால் நைந்த கிழிசல். பின்லாந்தில் 35 முதல் 65 வயது வரையிலான, இத்தகைய கிழிசல் உள்ள 146 பேரில் ஒரு பகுதியினருக்கு உண்மையான சீவலும் மற்றவர்களுக்கு வெறும் பாவனை அறுவையும் செய்து, யாருக்கு எது என்று சொல்லாமலேயே ஓராண்டு கவனித்தார்கள். 2013-இல் வெளியான முடிவில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அவருக்கு முதல் மருந்து தொடைப் பயிற்சியும் எடைக் குறைப்பும்தான். நான் சொன்னால் மைத்துனன் பேச்சு என்று தள்ளிவிடுவார். உன் பேச்சைக் கேட்பார். நீயே ஒரு முறை பேசு. எண்ணெய் தேய்த்து நீவிவிட ஆள் அனுப்புவதாக அவர் உன்னிடம் சொன்னால் மட்டும், தையல் இருக்கும் முட்டியை யாரும் நீவக்கூடாது என்று பணிவாக மறுத்துவிடு.

பொங்கலுக்கு நீ வர வேண்டாம். பூனாவிலிருந்து இத்தனை மணி நேரம் காலைத் தொங்கவிட்டு ரயிலில் உட்கார்வது இப்போது உனக்கு ஆகாது. அம்மா பத்தாம் தேதி அங்கே வந்துவிடுவாள். குளிக்க உட்கார உயரமான பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை மட்டும் யாரிடமாவது சொல்லி வாங்கி வை. மருத்துவர் எழுதிக் கொடுத்த பயிற்சித் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. நான் எழுதியதற்கும் அவர் எழுதியதற்கும் எங்கேனும் வேறுபாடு இருந்தால் அவர் சொன்னபடியே செய், ஏனென்றால் உன் முட்டிக்குள் பார்த்தவர் அவர். அடுத்த பரிசோதனையில், தையல் பின்முனை வரை போயிருக்கிறதா, முழு எடையை எந்த வாரத்தில் ஊன்றலாம் என்ற இரண்டையும் மறக்காமல் கேட்டுக் குறித்துக்கொள்.

அன்புடன்,
அப்பா